வெள்ளியங்கிரியும் தென்கயிலை வழக்கும்

மலையை இறைவன் உறைவிடமாகக் கண்டு தொழுதல் தமிழ்மக்களிடை மிகப் பழமையான வழக்கு. மலையும் மலைசார்ந்த இடமுமாகிய குறிஞ்சிக்குச் சேயோனைத் தெய்வமாக வகுத்தனர் பண்டைச் சான்றோர். சமயகுரவர் காலத்தில் திருக்காளத்தி, திருவண்ணாமலை, திருக்கழுக்குன்றம், திருச்சிராப்பள்ளி, திருஈங்கோய்மலை முதலிய குன்றுகள் பலவும் பாடல் பெற்றுச் சிறந்தன. இம்மலைகள் அனைத்திற்கும் மேலாகச் சைவருள்ளத்தில் நிற்பது திருக்கயிலை ஒன்றே. பனி மூடிய அதன் வெண்மை பற்றி வெள்ளிமலை எனத் தமிழர் அதனை வழங்கினர். அஃது இருப்பதோ இமயத்திற்கும் அப்பால், திபெத்து நாட்டின்கண். தமிழ்நாட்டு அடியார் ஒருவர் தம் வாழ்நாளில் அதனைக் கண்ணாற் காண்டல் அரிதினும் அரிது. இவ்வருமையினின்றே 'தென்கயிலை' என்னும் வழக்குத் தோன்றியது. அவ்வழக்கிற்குரிய இடங்களுள் ஒன்றாகிய கொங்குநாட்டு வெள்ளியங்கிரியின் வரலாறும், அதன் ஏழு மலைகளையும் ஒரே நாளிற் கடந்து வழிபடும் முறையும், அம்முறையின் உட்பொருளும் ஈண்டு ஆராயப்படும்.

மலையின் இருப்பு

கோவை மாநகர்க்கு மேற்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில், மேலைத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தே பூண்டி என்னும் இடம் உளது. அங்கு வெள்ளியங்கிரி ஆண்டவர் திருக்கோயில் அமைந்துள்ளது. அக்கோயிலின் அருகிலிருந்தே மலைவழி தொடங்குகின்றது. உச்சி கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 6,000 அடி உயரம். அடிவாரத்தினின்று ஏற வேண்டிய உயரம் மட்டும் ஏறத்தாழ 4,000 அடி. ஒருவழித் தொலைவு 6 கிலோமீட்டர் அளவே. எண்ணிற் சிறிதாகத் தோன்றும் இத்தொலைவு நடையிற் சிறிதன்று. வழி ஒரே ஏற்றமாக அமையாது, ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் மலைகளின் முகட்டை ஏறியும் இறங்கியும் கடப்பதாக உள்ளமையே அதற்குக் காரணமாம்.

இம்மலைத் தொடருக்குத் தெற்கே பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கின்றது. மேலைத் தொடர்ச்சி மலை நெடுகிலும் இத்துணை அகன்ற வாயில் பிறிதொன்றில்லை. சேரநாட்டிற்கும் சோழநாட்டிற்கும் இடையே வணிகரும் படைஞரும் புலவரும் அடியாரும் வந்து போனது இவ்வாயில் வழியாகவே. கோவையை அடுத்த சுண்டக்காமுத்தூர்ப் பக்கத்துப் பாறையொன்றில் தமிழிலும் வட்டெழுத்திலும் பொறிக்கப்பெற்ற கல்வெட்டு, 'இராசகேசரிப் பெருவழி' என்னும் பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றது. வெள்ளலூரில் 1842-இல் உரோமானிய வெள்ளிக்காசுகள் கண்டெடுக்கப்பெற்றன. நொய்யற் கரையிலுள்ள கொடுமணலில் நிகழ்ந்த அகழாய்வுகள் அணிகல மணித் தொழிலும் இரும்புத் தொழிலும் அங்குப் பண்டே தழைத்திருந்தமையைக் காட்டின. ஆகவே வெள்ளியங்கிரியின் நிழலிலுள்ள நிலம் மக்கள் வழக்கற்ற காடாக இருந்ததன்று. ஈராயிரம் ஆண்டுகளாக நாடுகளை இணைத்த பெருவழியின் அருகே நின்ற மலை இது.

நொய்யலாறு இம்மலைத் தொடரிற் பிறந்து பேரூரின் வழியாகக் கிழக்கே சென்று, கொடுமுடிக்குக் கீழே காவிரியிற் கலக்கின்றது. காஞ்சிமாநதி என்பது புராணம் வழங்கும் பெயர். ஆற்றின் பிறப்பிடத்தைக் கயிலை என்றும், அது காவிரியை அணுகும் பக்கத்துள்ள கொடுமுடியை மேருவின் சிகரம் என்றும் கொள்ளுதல் கொங்குநாட்டு வழக்கு. ஓர் ஆற்றின் இரு முனைகளையும் இரு தெய்வ மலைகளாகக் கண்ட நாட்டினரின் சமய உணர்ச்சி எத்தகையது என்பது இதனாற் புலனாகும்.

இலக்கியச் சான்று

வெள்ளியங்கிரி தேவாரப் பாடல் பெற்ற தலம் என்று சிலர் அன்பின் மிகுதியாற் கூறுவர். அன்பு போற்றத் தக்கதே. ஆயினும் வரலாற்றிற்கு அஃது உடன்பாடன்று. கொங்குநாட்டுப் பாடல்பெற்ற தலங்கள் ஏழு. அவை திருப்புக்கொளியூர் அவிநாசி, திருமுருகன்பூண்டி, திருநணா, கொடிமாடச் செங்குன்றூர், வெஞ்சமாக்கூடல், பாண்டிக்கொடுமுடி, கருவூர் என்பன. இவற்றுள் வெள்ளியங்கிரி இல்லை. அதன் அடியிலுள்ள பேரூரும் தனிப்பதிகம் பெற்ற தலமன்று. சுந்தரமூர்த்தி சுவாமிகளின் திருப்பாடலில் வைத்துப் பாடப்பெற்ற தலமாம்.

எனினும் பேரூருக்கு வாய்த்த சிறப்பு வேறெங்கும் காண்டற்கரியது. சுந்தரர் கொங்கிற் புகுந்து பேரூரில் இறைவன் திருக்கூத்தைக் கண்டார். பின்னர்த் தில்லை சென்று சிற்றம்பலத்தே நின்றபோது, பேரூரிற் கண்ட பெருமானையே அங்குப் பெற்றதாகப் பாடினார். பலரும் தில்லையைக் கண்ட கண்ணால் பிற தலங்களைக் காண்பர். சுந்தரரோ பேரூரைக் கண்ட கண்ணால் தில்லையைக் கண்டார். மேலைச் சிதம்பரம் என்று பேரூர் வழங்குவதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதின்று.

மற்றொன்றும் ஈண்டு நினைவுகூரத் தக்கது. அவிநாசியில் முதலையுண்ட பாலனை மீட்டபின் சுந்தரர் மலைநாடு சென்றார். சேரமான் பெருமாள் நாயனாரோடு அளவளாவி, திருஅஞ்சைக்களத்தினின்று வெள்ளை யானைமீது கயிலைக்கு எழுந்தருளினார். கொங்கினின்று மலைநாடு புகுவார்க்கு இயற்கை அமைத்த எளிய வாயில் பாலக்காட்டுக் கணவாயே. அவ்வழிச் செல்வார்க்கு வலப்பக்கத்தே தோன்றும் மலைத்தொடருள் வெள்ளியங்கிரியும் ஒன்று. சுந்தரர் அம்மலையை நோக்கித் தொழுதார் என்பதற்கு நூற்சான்று இல்லை. ஆதலின் அங்ஙனம் கூறுதல் கூடாது. அவர் நிலத்தின்மேற் செய்த கடைசி யாத்திரை கொங்குநாட்டினூடே நிகழ்ந்தது என்ற அளவே துணியற்பாலது.

வெள்ளியங்கிரியின் பெருமையை இலக்கியத்தில் நிலைநிறுத்தியவர் கச்சியப்ப முனிவர். இவர் திருவாவடுதுறை ஆதீனத்து மாதவச் சிவஞான யோகிகளின் மாணாக்கர். தணிகைப் புராணம், விநாயக புராணம் முதலியவற்றின் ஆசிரியர். 1790-இற் சிவப்பேறு எய்தியவர். இவர் அருளிய பேரூர்ப் புராணம் காஞ்சிமாநதியையும் பேரூரையும் போற்றும் முகத்தான் வெள்ளியங்கிரியின் பெருமையையும் எடுத்தோதுகின்றது. ஆகவே நூல்வழி நோக்குமிடத்து, மலையின் பெருமை விரிவாகப் பேசப்பெறுவது 18-ஆம் நூற்றாண்டிலாம். மக்கள் வழிபாடு அதற்கு முன்னரே வேரூன்றியிருத்தல் வேண்டும் என்பது பொருத்தமான கருத்து. மக்கள் தொழாத மலையைப் புராணம் பாடுதல் இயல்பன்று. ஆயின் எத்துணை நூற்றாண்டு முன்னர் என வரையறுக்கச் சான்று வேண்டும். சான்றில்லாத இடத்து ஆண்டு கூறுதல் மலைக்குப் பெருமை சேர்ப்பதாகாது.

தென்கயிலை என்னும் கருத்து

பாடல்பெறாத மலைக்குக் கயிலைப் பெயர் பொருந்துமோ என ஐயுறுவார்க்கு விடை தருவது திருநாவுக்கரசு சுவாமிகளின் வரலாறு. பெரியபுராணம் அதனை விரித்துரைக்கின்றது. சுவாமிகள் காளத்தியைத் தொழுதபின் கயிலைக் காட்சியை விழைந்து வடதிசை சென்றார். காசியையும் கடந்து தனியே காட்டிற் புகுந்தார். தாள்கள் தேய்ந்தபின் கைகளால் தாவினார். கைகளும் தேய்ந்தபின் மார்பினால் உந்தினார். அதுவும் இயலாதபோது புரண்டு சென்றார். இறைவன் முனிவர் வடிவில் தோன்றி, மானிடர்க்குக் கயிலை எய்தற்கரிது எனக் கூறியபோதும் அவர் மீளவில்லை. முடிவில் அங்குள்ள பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுமாறு திருவருள் பணித்தது. எழுந்த இடத்தே அவர் கயிலைக் காட்சியைக் கண்டார்.

இவ்வரலாற்றில் இரண்டு உண்மைகள் அடங்கியுள்ளன. கயிலை ஒரு திசைக்கே உரியதன்று என்பது ஒன்று. வடக்கே சென்றார்க்குத் தெற்கே காட்சி கிடைத்தது. நடந்த நடை வீணன்று என்பது மற்றொன்று. திருவையாற்றிலேயே கயிலையைக் காட்டவல்ல இறைவன், அடியாரை அத்துணைத் தொலைவு நடத்திய பின்னரே காட்டினான். உடல் தேய்ந்த உழைப்பும், உழைப்பிற்கு அப்பாற்பட்ட அருளும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதே சைவத்தின் துணிபு.

இக்கருத்துக் கல்லிலும் வடிவெடுத்தது. காஞ்சியிற் பல்லவ வேந்தன் இராசசிம்மன் 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கைலாசநாதர் கோயிலை எடுப்பித்தான். அந்நூற்றாண்டிலேயே இராட்டிரகூட மன்னன் முதலாங் கிருட்டிணன் காலத்தில் எல்லோராவில் ஒரு குன்றையே மேலிருந்து கீழாகக் குடைந்து கயிலாயக் கோயிலாக்கினர். திருவையாற்றில் முதலாம் இராசராசனின் தேவி உலகமாதேவியார் வடகயிலாயத்தை எடுப்பித்தார். முதலாம் இராசேந்திரனின் தேவி பஞ்சவன்மாதேவியார் தென்கயிலாயத்தை எடுப்பித்தார். அப்பரடிகள் கண்ட காட்சிக்கு அரச மாதேவியர் இருவர் கல்லால் அமைத்த உரை எனலாம் இவற்றை.

ஆகவே கயிலையைத் தென்னாட்டிற் காணும் முறை மூவகைப்பட்டது. கல்லை அடுக்கிக் கயிலை சமைத்தல் ஒன்று. குன்றைக் குடைந்து கயிலை வடித்தல் ஒன்று. இயற்கையாய் நிற்கும் மலையையே கயிலையாகக் கண்டு தொழுதல் ஒன்று. முன்னைய இரண்டும் வேந்தர்க்கு இயலும். மூன்றாவது எளிய குடிமக்களுக்கும் இயல்வது. உளியும் பொன்னும் அதற்கு வேண்டா. கண்ணும் காலும் அன்பும் போதும். வெள்ளியங்கிரி அம்மூன்றாம் வகையைச் சார்ந்தது. வெள்ளி என்னும் தமிழ்ச்சொல்லும் கிரி என்னும் வடசொல்லும் அம்முச்சாரியை இடையிட்டுப் புணர்ந்த அதன் பெயரே, கயிலைக்குரிய வெள்ளிமலை என்னும் பெயரைத் தென்னாட்டு மலைக்கு இட்ட அன்பைக் காட்டும்.

ஏழு மலை நடை

மாசி முதல் வைகாசி வரையுள்ள திங்கள்களே மலையேற ஏற்றவை. ஆனித் திங்களில் தென்மேற்குப் பருவமழை வலுத்துவிடும், வழி வழுக்கும், மூடுபனி கண்ணை மறைக்கும். மகாசிவராத்திரியிலும் சித்திரைப் பௌர்ணமியிலும் கூட்டம் பெருகும். அடியார் பலரும் இரவில் ஏறத் தொடங்கிக் கதிரவன் தோன்றும் வேளையில் உச்சியை அடைந்து, வழிபட்டு, அன்றே மீள்வர். இவ்வாறு ஏழு மலையும் ஏறி இறங்குதல் ஒரு நாட்குள் நிறைவெய்தும் வழிபாடாக அமைந்துள்ளது. ஊன்றுகோலாக மூங்கிற்கழி ஒன்றை அடிவாரத்திற் பெற்றுக்கொள்ளுதல் வழக்கம்.

முதன்மலை கற்படிகளால் ஆயது. செங்குத்தாக எழும் அப்படிகளே பலரை முதலிற் சோதிப்பவை. ஊக்கம் மிக்க இளைஞர் விரைந்தேறி நடுவிலேயே மூச்சிரைத்து அமர்வதும், முதியவர் கழியூன்றி மெல்ல ஏறி அவரைக் கடந்து செல்வதும் ஒவ்வோராண்டும் காணும் காட்சி. படிகளின் முடிவில் வெள்ளை விநாயகர் எழுந்தருளியுள்ளார். வழிபாட்டின் தொடக்கத்தில் வணங்கப்பெறும் முதல்வர், முதற்றுன்பத்தின் முடிவில் அமர்ந்திருத்தல் நினைந்து மகிழத் தக்கது.

அடுத்துள்ள மலைகளில் வழுக்குப்பாறை, பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை, சீதைவனம் எனப் பல பெயர்கள் வழங்குகின்றன. அருச்சுனனும் வீமனும் வந்தனர் என்னும் கதைகளும் பாறைகளோடு இணைத்துப் பேசப்படுகின்றன. பாரத நாட்டின் பிற மலைகளிலும் இத்தகைய கதைகள் உள. இவற்றை ஆண்டு குறித்த வரலாறாகக் கொள்ளவும் வேண்டா. பொய்யென இகழவும் வேண்டா. வழிநடையின் வருத்தந் தீர, முன்னோர் ஒவ்வொரு பாறைக்கும் ஒரு பெயரும் ஒவ்வொரு சுனைக்கும் ஒரு கதையும் இட்டுச் சென்றனர். பெயரற்ற வழி நீளும். பெயர் பெற்ற வழி குறுகும்.

மேலே செல்லச் செல்ல மரங்கள் குறுகிப் புல்வெளி விரிகின்றது. மலை மடிப்புகளில் மட்டும் சோலைக்காடு அடர்ந்துள்ளது. புல்வெளியின் வேர்களும் சோலையின் நிழலும் மழைநீரைப் பிடித்துவைத்துச் சிறிது சிறிதாகக் கசியவிடுகின்றன. கோடையிலும் சுனைகளில் நீர் காணப்படுவது இதனாலேயே. சமவெளியில் வெப்பம் தாங்காத வேனிற் காலத்தும் இங்குக் குளிர்காற்று உடலை நடுக்கும்.

ஆறாம் மலை சிந்திக்கத் தக்கது. ஐந்து மலைகளின் மேல் ஏறி வந்தவர் இங்குக் கீழிறங்குதல் வேண்டும். உச்சி எதிரே தோன்றுகின்றது. ஆயினும் கால்கள் பள்ளம் நோக்கிச் செல்கின்றன. அரிதின் ஈட்டிய உயரத்தை இழக்கின்றோமே என்று உள்ளம் தளரும் இடம் அது. இறக்கத்தின் முடிவில் உள்ளது ஆண்டிச் சுனை. அதன் குளிர்ந்த நீரில் ஆடியபின், அடியார் ஏழாம் மலையை ஏறத் தொடங்குவர். அம்மலை முதன்மலையினும் கடுமையாகத் தோன்றும். காற்றும் வலிதாக வீசும். அதன் உச்சியிற் பெரும்பாறைகள் இயற்கையாகக் கவிந்து அமைந்த சிறு குகையில் இறைவன் சுயம்புலிங்கத் திருமேனியாய் எழுந்தருளியுள்ளான். கோபுரம் இல்லை, விமானம் இல்லை, பாறையே கருவறை, வானமே விமானம். கிழக்கே கொங்குச் சமவெளியும் மேற்கே மலைநாட்டுச் சிகரங்களும் விரிந்து கிடக்கின்றன.

மேலைநாட்டு மலைநடையும் இதுவும்

மலை முகடுகளை ஒரு நாளிற் கடக்கும் நடை மேலைநாட்டிலும் உண்டு. அதன் வரலாற்றை ஒப்புநோக்குதல் பயன்தரும். இத்தாலியப் பெரும்புலவர் பெத்தரார்க்கு 1336-ஆம் ஆண்டு ஏப்பிரல் 26-ஆம் நாள் பிரான்சு நாட்டுத் தென்பகுதியிலுள்ள வெந்தூ மலையில் ஏறியதைக் கடிதமாக எழுதினார். காட்சியை விரும்பியே மலையேறிய முதல்வர் என மேலைநாட்டார் பலர் அவரைப் போற்றுவர். அம்மலையின் உயரம் ஏறத்தாழ 6,270 அடி. வெள்ளியங்கிரியின் உயரத்தோடு பெரிதும் ஒப்பது. உச்சியில் நின்று அவர் அகத்தீன் என்னும் கிறித்தவப் பெரியாரின் நூலைத் திறந்தார். மனிதர் மலைகளை வியந்து நோக்கித் தம்மை நோக்க மறக்கின்றனர் என்னும் கருத்து அங்குக் கண்ணிற்பட்டது. அவர் நாணி, வாய் பேசாது இறங்கினார் என்பது அவர்தம் கூற்று.

சுகாத்துலாந்தின் சுகை தீவில் கூலின் என்னும் கரிய பாறைத்தொடர் உளது. அதன் முகடு ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளம். 3,000 அடிக்கு மேற்பட்ட சிகரங்கள் பதினொன்று. 1911-இல் சாடுபோல்ட்டு, மக்லாரன் என்னும் இருவர் அதனை முதன்முறையாக ஒரே நாளிற் கடந்தனர். அவர்தம் உடலுரமும் துணிவும் பாராட்டற்பாலன. ஆயின் அவ்வகை நடையின் குறிக்கோள் கடந்த சிகரங்களை எண்ணுதலும் கழிந்த நேரத்தைக் கணக்கிடுதலுமாம். வெள்ளியங்கிரி அடியாரும் மலைகளை எண்ணுகின்றனர்; எனினும் அவ்வெண்ணிக்கை வென்றவற்றின் கணக்கன்று, விடுத்தவற்றின் கணக்கு. ஒவ்வொரு மலை கழியுந்தோறும் செருக்கு ஒரு படி குறைதல் வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

வடகயிலையின் முறையும் இதற்கு அரண் செய்கின்றது. 21,700 அடிக்கு மேல் உயர்ந்த அச்சிகரத்தின் உச்சியில் மனிதர் எவரும் அடி வைத்ததாக உறுதியான வரலாறு இல்லை. பல சமயத்தாரும் அதனை வலம் வருதலோடு அமைகின்றனர். வலம்வரும் வழி ஏறத்தாழ 52 கிலோமீட்டர். 18,000 அடிக்கு மேற்பட்ட திரோல்மா கணவாயைக் கடத்தல் வேண்டும். நம்மனோர்க்கு மூன்று நாள் ஆகும் அவ்வழியைத் திபெத்தியர் பலர் ஒரே நாளிற் சுற்றி முடிப்பர். ஏற இயலாமை கருதியன்று, ஏறலாகாது என்னும் அடக்கங் கருதியே அச்சிகரம் தீண்டப்படாது நிற்கின்றது.

சித்தாந்த நோக்கு

ஏழு மலைகளையும் மூலாதாரம் முதல் ஆஞ்ஞை ஈறாகிய ஆறு ஆதாரங்களோடும் அவற்றின் மேலிடத்தோடும் ஒப்பிட்டுக் கூறுதல் அன்பர்களிடை வழங்குகின்றது. உவமை என்ற அளவில் அது நன்று. ஏழு மலை ஏறினமையாலேயே ஆதாரயோகம் முற்றியது எனக் கொள்ளின் அது பிழையாம். யோகம் மனத்தை ஒருக்கி அகத்தே நிகழ்வது. மலைநடை உடலாற் செய்யும் தொண்டாதலின் சரியையின் பாற்படும். சரியை என்றமையால் அது தாழ்ந்ததாகாது. சரியையும் கிரியையும் யோகமும் ஞானமும் அரும்பும் மலரும் காயும் கனியும் போல முறையே முதிர்வன. அரும்பை இகழ்வார்க்குக் கனி கிட்டாது.

மேலும், ஞானம் கைவந்த பின்னரும் அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரன் எனவே கண்டு தொழுதல் வேண்டும் என்பது சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரத்தின் கருத்து. அக்கருத்தின்படி வெள்ளியங்கிரியில் தொழற்பாலன இரண்டு: உச்சியிலுள்ள சிவலிங்கத் திருமேனி ஒன்று, உடன் ஏறும் அடியார் கூட்டம் மற்றொன்று. இருளிற் கால் இடறியவர்க்குக் கை கொடுப்பதும், நீர் தீர்ந்தவரோடு நீரைப் பகிர்வதும் வழித்துணைச் செயல்கள் மட்டும் அல்ல. அவை அடியார் வழிபாடே. உச்சியை விரைந்தடையும் வேட்கையால் வீழ்ந்தவரை விட்டுச் செல்வார், ஏழாம் மலையை அடைந்தும் வழிபாட்டைத் தவறவிட்டவராவர்.

முன்னாளிற் பெண்டிர் இம்மலை ஏறாமை வழக்காயிருந்தது. கொடுவிலங்கும் கடுவழியும் அதற்குக் காரணமாகக் கூறப்பட்டன. அண்மை ஆண்டுகளிற் பெண்டிரும் ஏறுகின்றனர். இதனைக் கண்டு மயங்குவார் காரைக்காலம்மையார் வரலாற்றை நினைத்தல் வேண்டும். கயிலையைக் காலால் மிதித்தல் தகாதெனத் தலையால் நடந்தேறியவர் அவ்வம்மையார். அவரை இறைவன் 'அம்மையே' என்று அழைத்தருளினான். வடகயிலையில் அன்புக்குத் திறந்த வாயில் தென்கயிலையில் அடைபடும் எனல் பொருந்துமோ?

மலையைக் காத்தல்

தென்கயிலையின் இக்கால நிலை அன்பர்தம் கருத்திற்குரியது. ஒரு சில நூற்றுவர் ஏறிய மலையில் இன்று பெருந்திரளானோர் ஏறுகின்றனர். உடல்நலம் நோக்காது ஏறி, மூச்சுத் திணறியும் நெஞ்சு நொந்தும் வழியிலேயே உயிர் நீத்தார் சிலர். முன்னோர் நோன்பிருந்து, உணவடக்கி, மெல்ல நடந்து பழகி ஏறினர். அவ்வொழுங்கு சமயக் கட்டுப்பாடு மட்டும் அன்று, உடலுக்கு அரணுமாம். நெஞ்சுநோய் உடையார் அடிவாரக் கோயிலில் தொழுது மீள்வதிற் குறையொன்றுமில்லை. அப்பரடிகட்கும் மலையடியிற் கிடைக்காத காட்சி ஐயாற்றிலன்றோ கிடைத்தது?

மற்றொரு தீங்கு பிளாஸ்டிக் குப்பை. வனத்துறையினர் அடிவாரத்தே தடுத்து ஆராய்ந்தும் அது முற்றும் ஒழியவில்லை. காடு யானைக்கும் மானுக்கும் உரிய இல்லம். மலைச்சுனை காஞ்சிமாநதிக்குத் தாய். சுனையை அழுக்காக்குவோர் பேரூர்ப் பெருமான் திருமுன் ஓடும் தீர்த்தத்தையே அழுக்காக்குகின்றனர். மூர்த்தி, தலம், தீர்த்தம் எனச் சைவர் மூன்றையும் ஒருங்கே கூறியது, ஒன்று கெடின் ஏனையவும் குறையும் என்பதனாலேயே. எல்லோராவின் கயிலை கல்லாலாயது. ஆயிரத்திருநூறு ஆண்டு கடந்தும் நிற்கின்றது. வெள்ளியங்கிரியோ புல்லாலும் சோலையாலும் நீராலும் ஆய கயிலை. அதனை அழித்தபின் மீண்டும் சமைக்கும் சிற்பி எவரும் இலர்.

பாடல் பெறாமையால் அம்மலைக்கு ஒரு குறையுமில்லை. பழமையை மிகைப்படுத்திக் கூறுவதால் ஒரு பெருமையும் கூடுவதில்லை. கயிலையை நினைந்து ஏங்கிய எளிய மக்கள், தம் நாட்டு மலையிலேயே அதனைக் கண்டனர். கண்டதைக் காலால் நடந்து உறுதி செய்தனர். ஆறாம் மலையில் இறங்கத் தெரிந்தவர்க்கே ஏழாம் மலை எய்துவதாகும் என்பதே இவ்வொரு நாள் நடை ஒவ்வோராண்டும் உணர்த்தும் பாடம். அதனை உணர்ந்து, மலையைத் தூய்மையோடு காத்து, உடன்வரும் அடியாரைப் போற்றி ஏறுவார்க்குத் தென்கயிலை வடகயிலையின் வேறன்று.

திருச்சிற்றம்பலம்.